இரண்டாம் எண்

முப்பத்தேழு வருடங்களாக எட்டிப் பார்க்காத வலிப்பு, பேச்சியம்மாளுக்கு ரேஷன் கடை வரிசையில் வந்தது. பையிலிருந்த சீனி சிதற, அவள் சிமெண்டுத் தரையில் விழுந்தாள். கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கடைக்காரர் ஓடி வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கண் திறந்ததும் அவள் முதலில் செய்தது, வலது காதுக்குப் பின்னால் முடிக்குள் மறைந்திருந்த சிறிய மேட்டைத் தொட்டுப் பார்த்ததுதான். அதற்கடியில் ஒரு சில்லு இருந்தது.

அதை வைத்தது 1993-இல். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. ராஜபாளையத்தில் ஒரு மில்லில், நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு இரண்டு முறை வலிப்பு. ஓடுகிற மெஷின் மேல் விழுந்தால் யார் பொறுப்பு என்று மில்லில் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். தென்காசிச் சாலையில் அப்போது இருந்த ஒரு நரம்பியல் ஆய்வகம், சோதனைக்காகப் பதினான்கு பேருக்கு மண்டையோட்டில் சில்லு பதித்தது. அது மூளையை எந்நேரமும் கவனித்துக்கொண்டே இருக்கும். வலிப்பு கிளம்பப் போகிறது என்று தெரிந்ததும் மெல்லிய மின்துடிப்பு ஒன்றைச் செலுத்தி அடக்கிவிடும். வாரத்துக்கு ஒருமுறை வளையம் ஒன்றை அதன் மேல் வைத்துச் சார்ஜ் ஏற்றினால் போதும். பேச்சியம்மாள் பதினோராம் நோயாளி. மற்ற பதின்மூன்று பேரில் சிலர் சில்லை எடுத்துவிட்டார்கள், மற்றவர்கள் செத்துப்போனார்கள். ஆய்வகம் மூடியாயிற்று. அதை நடத்திய டாக்டர் பரஞ்சோதியும் போய்ச் சேர்ந்தார்.

அவளைப் பரிசோதித்த மதுரை டாக்டர், சில்லுக்கு வயதாகிவிட்டது, புதிதாக ஒன்று வைத்துவிடலாம், அது இப்போது பெரிய விஷயமே இல்லை என்றார். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. இத்தனை வருடங்களாக அவளுடைய மூளை ஒரு குறிப்பிட்ட அளவுத் துடிப்புக்குப் பழகியிருந்தது. அந்த அளவுகள் தெரியாமல் புதுச் சில்லை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய சில்லோ, தன்னை உருவாக்கிய புரோகிராம் கேட்டால்தான் பதில் சொல்லும். அந்தப் புரோகிராமும் அளவுப் பட்டியலும் பரஞ்சோதியின் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தன.

பேச்சியம்மாளின் கணவர் தவசி, அதே மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதம் அலைந்து, தென்காசியில் டாக்டரின் மகள் வீட்டுக் கார் ஷெட்டில், சாக்குகளுக்கு அடியில் அந்தக் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தார். போர்வையில் சுற்றி வேனில் கொண்டுவந்து, ராஜபாளையத்தில் சங்கரன்கோவில் முக்கில் இருந்த ஜெசிந்தாவின் கடையில் இறக்கினார்.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. நாற்பது வயது. மில்களில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற பழைய மெஷின்களின் போர்டுகளைப் பழுது பார்ப்பது அவள் தொழில். மவுஸ் இல்லாமல், படங்கள் இல்லாமல், கருப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்து வேலை வாங்கிய காலத்துக் கம்ப்யூட்டர்கள் அவளுக்குப் பழக்கம். அவள் சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. திரையில் இரண்டு வரி வந்தது: கிளம்புவதற்கான டிஸ்க் இல்லை, வேறு டிஸ்க்கைப் போட்டு ஏதாவது ஒரு பட்டனைத் தட்டு. எந்தப் பட்டனைத் தட்டினாலும் அதே இரண்டு வரிதான்.

டிஸ்க்கைத் தனியாகக் கழற்றிப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கக் கூடாதா என்று தவசி கேட்டார். முடியாது என்று அவள் விளக்கினாள். அந்தக் காலத்து டிஸ்க்கும் அதை ஓட்டுகிற கார்டும் ஜோடி. பிரித்தால் டிஸ்க்கில் இருப்பது வேறெந்த மெஷினுக்கும் புரியாது. டிஸ்க்கின் முதல் பகுதி, மெஷினை எழுப்புகிற பகுதி, கெட்டிருக்கிறது. உள்ளே இருப்பவை நன்றாகவே இருக்கலாம். பிளாப்பியிலிருந்து எழுப்பிவிட்டு, பின்பக்கத்து ஓட்டையில் ஒரு கேபிளைச் செருகி, ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தன் லேப்டாப்புக்கு இழுக்க வேண்டும். மெதுவாகத்தான் வரும். டிஸ்க் எந்த நிமிடமும் நின்றுவிடலாம்.

தவசி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பேச்சியம்மாள் அன்றைக்கு அவருடன் வரவில்லை.

"அந்த அளவுப் பட்டியல் மட்டும் போதும்மா. வேற எதுவும் எடுக்க வேண்டாம். எடுத்தப்புறம் அந்த டிஸ்க்க ஒடச்சிப் போட்டுரு."

மற்ற நோயாளிகளின் விவரங்கள் வெளியே போகக் கூடாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று ஜெசிந்தா எடுத்துக்கொண்டாள். நல்ல மனுஷன் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பேச்சியம்மாளும் கூடவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். தன் தலைக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை என்றாள். முதல் இரண்டு பிளாப்பிகளும் பூஞ்சை பிடித்திருந்தன. மூன்றாவது வேலை செய்தது. மெஷின் எழுந்து, தேதியை 1980 ஜனவரி ஒன்று என்று காட்டியது. பாட்டரி செத்திருந்ததால் அதற்குக் காலம் தெரியவில்லை. ஜெசிந்தா டிஸ்க்கின் பக்கம் போகச் சொல்லி ஒரு எழுத்தைத் தட்டினாள். உள்ளே கரகரவென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. பிறகு ஃபைல் பெயர்கள் வரிசையாக ஏறி வந்தன. தவசி அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு எதுவும் புரிந்திருக்காது. டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பதினோராம் நோயாளி என்ற பெயரில் இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்று அளவுப் பட்டியல், சின்னது. அதை முதலில் இழுத்தாள். இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டது. மற்றொன்று குறிப்புகள். அது அதைவிடப் பல மடங்கு பெரியது.

அது என்ன என்று பேச்சியம்மாள் கேட்டாள். டாக்டர் எழுதி வைத்த குறிப்பாக இருக்கும் என்றும், ஐயா அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றும் ஜெசிந்தா சொன்னாள்.

"வேண்டாம்னாரா?"

"ஆமாம்மா. எடுக்காம ஒடச்சிப் போடச் சொன்னாங்க."

பேச்சியம்மாள் ஸ்டூலைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டாள். "என் மண்டைக்குள்ள இருக்கிறதப் பத்தி எழுதினத, நான் வேண்டாம்னு சொல்லலியே. எடும்மா" என்றாள்.

கேபிள் வழியாக அது நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்த கால் மணி நேரத்தில்தான் ஜெசிந்தாவுக்கு அவளுடைய கதை தெரிந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. வெளியூர்க்காரிக்குத்தான் தெரியாது.

பேச்சியம்மாள் ஒரு காலத்தில் தொழிற்சங்கத்தில் பேச்சாளர். மில் கேட்டில் அவள் பேசினால் அடுத்த ஷிப்டு உள்ளே போகாமல் நிற்கும். 1994 ஆகஸ்டு மூன்றாம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. இருநூற்றுப் பன்னிரண்டு தற்காலிகப் பெண்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அவர்களில் ஒருத்தி முத்துராக்கு, பேச்சியம்மாளின் உயிர்த்தோழி. எழுபத்தொரு நாள் நடந்தது. கடைசி நாள் பேச்சுவார்த்தைக்கு உள்ளே போன பேச்சியம்மாள், நிர்வாகம் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். நிரந்தரத் தொழிலாளிகளுக்குக் கொஞ்சம் கிடைத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வெளியே போனார்கள். முத்துராக்கு திருப்பூருக்குப் பிழைக்கப் போனாள். போகும் முன் பேச்சியம்மாள் வீட்டு வாசலில் நின்று, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அவள் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஊரில் அவள் பெயர் கையெழுத்துப் பேச்சி.

ஏன் போட்டீர்கள் என்று ஜெசிந்தா கேட்டாள்.

"தெரியலம்மா. இத்தன வருஷமா அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். யாரும் மிரட்டல. காசு குடுக்கல. அந்த ரூமுல உக்காந்தப்ப மனசு அப்படியே தண்ணி மாதிரி இருந்துச்சு. எதுக்குச் சண்டைன்னு தோணுச்சு. போட்டுட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்னுட்டு நல்லாத் தூங்கினேன். அந்தத் தூக்கத்த நெனச்சாத்தான் இன்னைக்கும் எனக்கு என்னையவே பிடிக்காது."

ஃபைல் வந்து சேர்ந்தது. ஜெசிந்தா திறந்தாள். குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. தேதி வாரியாக இருந்ததால் அவள் தேடாமலே ஆகஸ்டைத் தாண்டி அக்டோபருக்குப் போனாள். படித்தாள். மறுபடி படித்தாள். தமிழில் சொல்லும்படி பேச்சியம்மாள் கேட்டதும் அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் ஆறு. பதினோராம் நோயாளி பரிசோதனைக்கு வந்தார். அவரை உள்ளே படுக்க வைத்த பிறகு கணவர் தனியாகப் பேசினார். நாலாம் நோயாளியிடம் நாம் கண்டதை எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார்: வலிப்பு கிளம்பும் இடத்தை ஒட்டித்தான் கோபம் கிளம்பும் இடமும் இருக்கிறது, அளவுப் பட்டியலின் இரண்டாம் எண்ணைக் கூட்டினால் ஆள் சாந்தமாகிறார். மனைவி போராட்டத்தை விட வேண்டும், அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இரண்டாம் எண்ணை மூன்றிலிருந்து ஆறாக உயர்த்தினேன்.

அக்டோபர் பதினொன்று. கணவர் மறுபடி அழைத்து வந்தார். போதவில்லை என்றார். ஒன்பது.

பேச்சியம்மாள் கையெழுத்துப் போட்டது அக்டோபர் பன்னிரண்டு.

ஜெசிந்தா படித்து முடித்தபோது, தவசி தூக்குச் செம்பில் டீயுடன் படியேறி வந்துகொண்டிருந்தார். உள்ளே வந்தவர் இருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு செம்பைக் கீழே வைத்தார். அவர் மறுக்கவில்லை. அதுவே ஜெசிந்தாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த ஒரு நாளுக்காகவே அவர் ரொம்ப காலமாகத் தயாராக இருந்தது போல, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வேலைநிறுத்தத்தின் நாற்பதாம் நாள் கேட்டில் பேசும்போதே அவளுக்கு வலிப்பு வந்து விழுந்தது, சில்லையும் மீறி. போலீஸ் தடியடியில் அவள் தலை தப்பியது நூலிழையில். இன்னொரு பெரிய வலிப்பு வந்தால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டரே சொன்னார். வீட்டில் நான்கு வயது மகள். எந்த மேனேஜரும் தன்னிடம் வந்து பேசவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகத்தான் போய்க் கேட்டதாகச் சொன்னார்.

"உன் உசுரு எனக்கு வேணும்னுதான் செஞ்சேன், பேச்சி."

பேச்சியம்மாள் கேட்டது வேறு.

"ஊரே என்னையக் கையெழுத்துப் பேச்சின்னு சொன்னப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? ராக்கு வாசல்ல வந்து நின்னப்ப, உள்ள கட்டில்ல உக்காந்திருந்தீங்கள்ல? நான் ஏன் போட்டேன், ஏன் போட்டேன்னு உங்ககிட்டதான கேட்டேன்? எத்தன தடவ கேட்டிருப்பேன்?"

தவசி தரையைப் பார்த்தார். "சொல்லியிருந்தா நீ என்னைய விட்டுட்டுப் போயிருப்ப."

"ஆமா" என்றாள் பேச்சியம்மாள். "போயிருப்பேன்."

குறிப்பு முழுவதையும் அச்செடுத்துத் தரச் சொல்லிவிட்டு அவள் தனியாக ஆட்டோ பிடித்துப் போனாள். ஜெசிந்தா மறுபடி மெஷின் பக்கம் திரும்பியபோது டிஸ்க் நின்றிருந்தது. அதன் பிறகு எத்தனை பிளாப்பி போட்டும் அது சுற்றவே இல்லை.

அந்த வாரம் முழுக்கப் பேச்சியம்மாள் கணவரிடம் பேசவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள். ஓசூரிலிருந்து மகள் வந்து இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதாள். அப்பா செய்தது தப்புதான், ஆனால் அன்றைக்கு அம்மா செத்துப் போயிருந்தால் தன் கதி என்ன என்று கேட்டாள். பேச்சியம்மாளுக்கு அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பது தெரிந்தது. அதனாலேயே வலி கூடியது. தன் மகளுடைய தாயை அவர் காப்பாற்றிவிட்டார். காப்பாற்றும்போது, அவளுக்குள் இருந்த, மில் கேட்டில் பேசிய ஒருத்தியை எடுத்துத் தூரப் போட்டுவிட்டார். அந்த ஒருத்திக்காக அழுவதற்கு வீட்டில் யாரும் இல்லை.

மதுரைக்குப் போகும் நாளில் அவள் தவசியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு போனாள். ஏழு பக்க அச்சுத்தாள் மடியில் இருந்தது. அதை அவள் அதுவரை மேற்கொண்டு யாரையும் படிக்கச் சொல்லவில்லை. அக்டோபரோடு கதை முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தாள்.

மதுரை டாக்டர் அளவுப் பட்டியலைத் தன் திரையில் திறந்து வைத்திருந்தார். இளவயதுப் பெண். பேச்சியம்மாள் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில் பேச்சியம்மாள் தன் முடிவைச் சொன்னாள். ஒன்பது வேண்டாம். வலிப்பு வந்தாலும் பரவாயில்லை, உயிரே போனாலும் பரவாயில்லை. அக்டோபர் ஆறுக்கு முன்னால் இருந்த மூன்றை வைத்துவிடுங்கள். என் கோபத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டாக்டர் திரையைப் பார்த்தார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"இதுல மூணுன்னுதானே இருக்கு" என்றார்.

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. ஒருவேளை பழைய பட்டியலோ என்னவோ என்றாள். இல்லை, சில்லுக்குள் கடைசியாக ஏற்றிய பட்டியல் இதுதான், 2004-ஆம் வருடத் தேதி இருக்கிறது என்றார் டாக்டர். பேச்சியம்மாள் மடியிலிருந்த தாள்களை எடுத்து நீட்டினாள். ஜெசிந்தா மூன்றாம் பக்கத்திலிருந்து மெதுவாகப் படித்தாள்.

1995 ஜூன் பத்தொன்பது. பதினோராம் நோயாளி பரிசோதனைக்கு வந்தார். எட்டு மாதமாக எனக்கு நிம்மதி இல்லை. நான் செய்தது மருத்துவம் இல்லை. இரண்டாம் எண்ணை மூன்றுக்கே இறக்கிவிட்டேன். கணவரிடம் சொல்லவில்லை. நோயாளியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சில வாரங்களில் பழைய பேச்சியம்மாளாக வந்து என் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்க்கிறேன்.

1995 டிசம்பர். அமைதியாக இருக்கிறார். மூன்றுதான். மறுபடி சரிபார்த்தேன்.

1998 ஜூலை. அமைதியாக இருக்கிறார்.

அப்படியே ஒவ்வொரு வருடமும் பரிசோதனை விவரம், முடிவில் அதே இரண்டு வரிகள். கடைசிக் குறிப்பு 2004-இல். எண் மூன்று. அமைதியாக இருக்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மனுஷ மனம் ஒரு எண் மட்டும் இல்லை, எட்டு மாதத்தில் எல்லோரும் அவரை ஒரு மாதிரி பார்த்துப் பழகிவிட்டால், அவரும் தன்னை அப்படியே பார்க்கப் பழகிவிடலாம் என்கிற மாதிரி. பேச்சியம்மாள் கையமர்த்தினாள்.

"அப்ப இந்த முப்பத்தாறு வருஷமும், கோபம் என்கிட்டதான் இருந்திருக்கு."

"ஆமாம்மா."

"இருந்துச்சுன்னு ஒருத்தர் ஒரு வார்த்த சொல்லல."

"ஆமாம்மா" என்றார் டாக்டர் மறுபடியும்.

பேச்சியம்மாள் அழவில்லை. தன்னிடமிருந்து எடுத்தவர் ஒருவர், திருப்பி வைத்தவர் ஒருவர், இரண்டு பேரும் தன்னிடம் சொல்லாமலே செய்திருக்கிறார்கள். அவள்தான் சில்லைக் கேட்காமல், தன்னைக் கேட்காமல், ஊர் வைத்த பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். யாரை முதலில் வெறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்றே இருக்கட்டும் என்று சொல்லி, அறுவை சிகிச்சைக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள். போடும் முன் அந்தத் தாளை ஜெசிந்தாவை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் கழித்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவள் ஜெசிந்தாவின் கடைக்கு வந்தாள். அந்த ஏழு பக்கத்தையும் தமிழில் எழுதித் தர வேண்டும் என்றாள். ராக்கு திருப்பூரிலிருந்து ஊருக்கே திரும்பி வந்துவிட்டாளாம், அவளிடம் வாசிக்கப் போகிறேன் என்றாள்.

ஜெசிந்தா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். முதல் இரண்டு பக்கம் மட்டும் போதுமே. அதை வாசித்தாலே போதும், ஊர் வாயை மூடிவிடலாம். ஜூன் மாதத்துக்குப் பிறகு இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது?

"எனக்குத் தெரியும்ல" என்றாள் பேச்சியம்மாள்.

போகிற அன்று காலையில் தவசி வாசலில் நின்றார். கண்டிப்பாகத் தன்னைப் பற்றியும் வாசிக்க வேண்டுமா என்று கேட்டார். இந்த வயதில் தெருவில் தலை காட்ட முடியாது என்றார்.

"உங்க பேரு அதுல எங்கயும் இல்ல. கணவர்னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு திரும்பி, "எனக்கு எத்தன புருஷன்னு ஊருக்குத் தெரியும்" என்றாள்.

முத்துராக்கு வீட்டு வாசலில் காலையில் இட்லிக் கடை போட்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து முப்பத்தேழு வருடமாகியிருந்தது. ராக்கு வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பேச்சியம்மாள் நின்றபடியே தாள்களைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் குரல் எழும்பவில்லை. இரண்டாம் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைக் கீழே வைத்தார்கள். ஐந்தாம் பக்கத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். ஏழாம் பக்கத்தின் கடைசி வரிவரை ஒரு வார்த்தை விடாமல் வாசித்து முடித்தாள்.

ராக்கு கரண்டியைக் கழுவித் துடைத்து வைத்தாள்.

"எட்டு மாசத்துக்கு அந்தச் சில்லு காரணம். மிச்சத்துக்கு?"

"மிச்சத்துக்கு நான்தான்" என்றாள் பேச்சியம்மாள்.

ராக்கு தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்றோ, மன்னிக்க மாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. வேலை போன அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களில் ஊரோடு இருப்பவர்கள் நாற்பது, ஐம்பது பேர் தேறுவார்கள் என்று கணக்குப் பார்க்கிறவள் போல விரலை மடக்கினாள். அடுப்பை அணைத்தாள்.

"வெள்ளத்தாயி மேலத் தெருவுல இருக்கா. அவளுக்குக் காது மந்தம். சத்தமா வாசிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி முன்னால் நடந்தாள். பேச்சியம்மாள் தாள்களை மடக்கிக்கொண்டு, பத்தடி பின்னால் போனாள்.